வாஷி மண்டியில் முதுகு எண்ணலாம், வாங்க!

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. தாராவி தூங்குகிறது. செம்பூர் தூங்குகிறது. மாட்டுங்காவில் நாளைய டிகாஷன்கூட இன்னும் இறங்கவில்லை. ஆனால் கடற்கழிப் பாலத்தைத் தாண்டி வாஷிக்குள் நுழைந்தால்... அடேயப்பா, பட்டப்பகல்! ஏ.பி.எம்.சி. காய்கறிச் சந்தையில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிகின்றன. லாரிகள் பின்வாங்குகின்றன. நாசிக் பக்கத்துத் தக்காளிக் கூடைகள் கை மாறிக் கை மாறி இறங்குகின்றன.

"பாஜூ! பாஜூ!"

பின்னாலிருந்து இந்தக் குரல் வந்தால் யார், என்ன என்று திரும்பிப் பார்க்காதீர்கள். சட்டென்று ஓரம் கட்டிவிடுங்கள். வருவது அரை குவிண்டால் எடையும் அதைச் சுமக்கும் ஒரு மனிதரும். இரண்டுக்கும் பிரேக் கிடையாது!

மும்பையின் சாப்பாட்டு மேசைக்கு மேடைப் பின்புறம் இதுதான். வெங்காயம்-உருளைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, மசாலாவுக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று என ஐந்து சந்தைகள். மஸ்ஜித் பந்தர், பைகுல்லா, கிராஃபோர்ட் மார்க்கெட் என்று தெற்கு மும்பையில் நெரிந்துகொண்டிருந்த மொத்த வியாபாரம் ஒவ்வொன்றாக இங்கே குடிபெயர்ந்தது.

வியாபாரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் எட்டிப் பார்க்கப் போவது வேறு. இங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன நோய் வருகிறது, ஏன் வருகிறது, வேலையால்தான் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துப்பறியும் வேலைக்கு நோய்ப் பரவலியல் என்று பெயர். எபிடமியாலஜி என்றால் கொரோனா காலத்தில் டி.வி.யில் வந்த வளைகோடுகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். தொழிற்சாலை, சுரங்கம், பஸ் டிப்போ, மண்டி எல்லாம் அதன் பழைய வேட்டைக்காடு. ஒரு எபிடமியாலஜிஸ்ட்டை நம்மோடு கூட்டிக்கொண்டு வந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் இந்தச் சந்தை எப்படித் தெரியும்? வாருங்கள், பின்வாசல் வழியாகப் போவோம்!

முதல் குஷி: ஒரு பேரேடு!

நாம் மூட்டையைப் பார்த்து வாய் பிளப்போம். அவர் வாய் பிளப்பது பேரேட்டைப் பார்த்துத்தான்!

காரணம் இருக்கிறது. "இந்த வாரம் இருபது பேர் முதுகுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது செய்தி. எபிடமியாலஜிஸ்ட் உடனே கேட்பார்: "எத்தனை பேரில் இருபது?" நூறு பேரில் இருபது என்றால் ஆபத்து. பத்தாயிரம் பேரில் இருபது என்றால் கதையே வேறு. வகுக்கும் எண் தெரியாவிட்டால் மேலே உள்ள எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தியாவில் கூலி வேலைக்காரர்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் முட்டி மோதி நிற்கும் இடமே இதுதான். நேற்று வந்தவர் இன்று இல்லை, இன்று இருப்பவர் பெயர் எங்கும் இல்லை.

வாஷியில் இருக்கிறது! மகாராஷ்டிர அரசு 1969-ல் மாத்தாடிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் பின்னும் மாத்தாடிகளை, அதாவது சுமைதூக்கும் தொழிலாளர்களைத் திரட்டியவர் அண்ணாசாகேப் பாட்டீல். அந்தச் சட்டத்தின்படி அமைந்த வாரியத்தில் மாத்தாடித் தொழிலாளி பதிவு செய்துகொள்கிறார். வியாபாரி கூலியை நேராகக் கையில் கொடுக்காமல், மேலே ஒரு தீர்வையும் சேர்த்து வாரியத்தில் கட்டுகிறார். கூலி, பி.எஃப்., பணிக்கொடை, மருத்துவச் செலவு எல்லாம் அங்கிருந்து வருகிறது. பக்கத்துக் கோபர்கைராணேயில் மாத்தாடிகளுக்கென்றே ஆஸ்பத்திரியும் உண்டு. தொழிலாளர்கள் டோளி டோளியாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு டோளிக்கும் ஒரு முகாதம், அதாவது மேஸ்திரி.

பார்த்தீர்களா? யார், எந்தச் சந்தையில், எந்த டோளியில், எத்தனை வருஷமாக என்று எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. கூலிக்காகப் போராடி வாங்கிய பேரேடு ஆராய்ச்சிக்காரருக்குத் தங்கச் சுரங்கமாகிவிட்டது. வெங்காய டோளியையும் பழ டோளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வருஷம் பின்தொடரலாம். ஓர் ஓட்டை மட்டும் உண்டு. சிந்தியதைப் பொறுக்கி, சலித்து, தரம் பிரிக்கும் பெண்களும், ஒருநாள் கூலிக்கு வந்து நிற்கும் பையன்களும் இப்படிப்பட்ட பேரேடுகளில் சுலபமாக விடுபட்டுப்போவார்கள். பேரேட்டில் இல்லாதவரின் வலி கணக்கிலும் வராது.

ஐம்பது கிலோ கணக்கு

இப்போது மூட்டைக்கு வருவோம். பத்து டன் வெங்காய லாரி ஒன்று நிற்கிறது. ஐம்பது கிலோ மூட்டையாக 200 மூட்டை. ஐந்து பேர் இறக்கினால் தலைக்கு 40 மூட்டை. அதாவது ஓர் ஆள் இரண்டு டன்! அது ஒரே ஒரு லாரிக்கு. அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் காத்திருக்கிறது.

ஒரு காலத்தில் நூறு கிலோ சாக்கு சர்வசாதாரணம். ஐம்பதுக்கு மேல் தூக்க மாட்டோம் என்று மாத்தாடிகள் கொடி பிடித்ததும், கனமான மூட்டையை லாரியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்ததும் இந்தச் சந்தையின் சரித்திரம். 1967-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்குவதற்கு 55 கிலோவை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991-ல் திருத்திய சூத்திரம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? 23 கிலோவில்! அதுவும் எல்லாம் சரியாக அமைந்தால்தான். உடம்பை விட்டுத் தள்ளி வைத்துத் தூக்கினால் குறையும், இடுப்பைத் திருப்பினால் குறையும், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். வாஷி லாரியடியில் இந்த மூன்றுமே ஒன்றாக நடக்கும். அந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்து இங்கே போட்டால் அதற்கே முதுகு பிடித்துக்கொள்ளும்!

"எங்கே வலிக்குது? காட்டுங்க!"

வலியை எப்படி எண்ணுவது? அதற்கும் ஒரு காகிதம் உண்டு. 1987-ல் வடக்கு ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய நார்டிக் கேள்வித்தாள். அதில் ஒரு மனித உருவம், முதுகுப்பக்கம் காட்டி நிற்கும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, மேல்முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று ஒன்பது பிரிவு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எங்கே வலித்தது? கடந்த ஏழு நாளில்? வலியால் வேலைக்குப் போகாமல் இருந்ததுண்டா? எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை வைத்துக் காட்டிவிடலாம். நூறு பேர் விரல் வைத்த பிறகு அந்தப் படத்தில் எந்த இடம் கறுத்துப்போயிருக்கிறதோ, அங்கேதான் வேலை கடிக்கிறது.

இன்னொரு குறும்பான அளவுகோல், ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் கண்டுபிடித்தது. "இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டு 6-லிருந்து 20-க்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். அதென்ன ஆறிலிருந்து? சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வந்துவிடும், அதற்காகத்தான்! 15 என்று சொன்னவரின் இதயம் 150 பக்கமாகத் துடித்துக்கொண்டிருக்கும். கருவி இல்லை, கம்பி இல்லை, வாய்வார்த்தைதான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கூட்டமாகக் கேட்கும்போது கணக்கு கூடிவருகிறது.

இந்த மாதிரிச் சாமான்களின் கூடாரம் ஒன்று நம் வழியிலேயே இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து வாஷிக்கு வருகிறவர்கள் சயானில் மத்திய தொழிலாளர் நிறுவனத்தைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். வேலைத்தலத் தூசி, சத்தம், உடல் உழைப்பு ஆகியவற்றை அளக்கும் அரசு ஆய்வகங்கள் அங்கே இருக்கின்றன. தொழில் பாதுகாப்புக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு. எத்தனை முறை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறோம், உள்ளே எட்டிப் பார்த்தோமா?

கால்சட்டை சொன்ன ரகசியம்

இப்போது ஒரு பொறி. மண்டியில் இருபது வருஷமாக இருக்கும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: "அண்ணாச்சி, இவங்களுக்கெல்லாம் உடம்புக்கு ஒண்ணும் வராதா?" பதில் எப்படி வரும் என்று ஊகிக்கலாம். "என்ன தம்பி இப்படிக் கேக்கிய? பாருங்க, ஒவ்வொருத்தனும் தேக்கு மரம் கணக்கா இருக்கான்!"

உண்மைதான், தேக்கு மரம்தான். ஆனால் முதுகு போனவர் எங்கே? ஊருக்குப் போய்விட்டார். தோள் இறங்கியவர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். தாங்கியவர்கள் மட்டும் நம் முன்னால் நிற்கிறார்கள். அரிசி மண்டியில் குத்தூசியால் சாக்கைக் குத்திப் பார்ப்பதைப் போலத்தான் இதுவும். மேலாக ஒரே இடத்தில் குத்திக் கையில் விழுந்த அரிசியைப் பார்த்து அடிச்சாக்கு வரை நயம் என்று சொன்னால், எந்த வியாபாரி நம்புவார்? வேலையில் நீடிப்பவர்களை மட்டும் சோதித்தால் அந்த வேலை உடம்புக்கு நல்லது என்றுகூடக் கணக்கு வந்துவிடும்! வில்லியம் ஓகிள் என்ற ஆங்கிலேயர் 1885-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். இன்றும் தொழில்நல ஆய்வுகளில் மிகப் பெரிய குழி இதுதான். அதனால்தான் பேரேட்டிலிருந்து விலகிப்போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டுப் போகும்போது மட்டுமல்ல, வேலைக்கு ஆள் சேரும்போதும் இதே மாதிரிக் குழி உண்டு. அதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் லண்டன் பஸ். 1953-ல் ஜெர்ரி மாரிஸும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 35-லிருந்து 64 வயது வரை சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் இரட்டை மாடி பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஐந்நூறு, எழுநூறு படி ஏறி இறங்குகிறார். ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஒரே பஸ். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம்! உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்று இன்று எல்லோரும் சொல்வதற்கு அடித்தளம் போட்ட ஆய்வு அது.

கதை இதோடு முடியவில்லை. மாரிஸ் கோஷ்டி தன் முடிவையே சந்தேகப்பட்டது. அடுத்து எதைக் கிளறினார்கள் தெரியுமா? யூனிஃபார்ம் தைத்த அளவுக் கணக்கை! 1956-ல் வந்த அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பிலேயே "சீருடைகளின் நோய்ப் பரவலியல்" என்று வரும். இளவயது ஊழியர்களை எடுத்துக்கொண்டாலும் டிரைவரின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டருடையதைவிடப் பெரிது. அப்படியானால் நோய் வேலையால் வந்ததா, தொந்தி உள்ளவர்கள் டிரைவர் வேலைக்குப் போனதால் வந்ததா? டெய்லர் கணக்கு ஒன்று பெரிய விஞ்ஞானக் கேள்வியைக் கிளப்பிவிட்டது! பிறகு பல ஆய்வுகள் வந்து, உழைக்கும் உடம்புக்கு உண்மையிலேயே பலன் உண்டு என்று உறுதியாயிற்று.

மசாலாச் சந்தையில் தும்மல், திங்கட்கிழமையில் மூச்சிரைப்பு

விடிந்துவிட்டது. கைக்குட்டை இருக்கிறதா? மசாலாச் சந்தைக்குள் போகிறோம். ஹச்! பியாட்கி, குண்டூர் என்று மிளகாய் மூட்டைகள் அடுக்கடுக்காக. சாக்கை ஓர் உதறு உதறினால் சந்து முழுக்கத் தும்மல் கச்சேரி. புதிதாக வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். பழையவரோ சிரித்தபடி டீ குடிப்பார். பழகிவிட்டது என்பார்கள். பழகியதா, பாதித்ததா? மிளகாய் ஆலைத் தொழிலாளர்களின் இருமலை மற்றவர்களோடு ஒப்பிட்டு 1991-ல் 'செஸ்ட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மிளகாயோடு புழங்கியவர்களுக்குத்தான் இருமல் அதிகம்.

தூசி நோயைக் கண்டுபிடிக்க மும்பைக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது, பரேல் பஞ்சாலைகள். பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஒரு விசித்திரக் குணம். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகத் தளரும். அடுத்த திங்கள் மறுபடி ஆரம்பம். லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் இந்தத் திங்கட்கிழமை அடையாளத்தை வைத்தே நோயைப் படிப்படியாகத் தரம் பிரித்தார். மும்பை ஆலைத் தொழிலாளர்களிடம் கே.இ.எம். ஆஸ்பத்திரி மருத்துவர் எஸ்.ஆர். காமத் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இந்த நோய் நம் மண்ணிலும் இருக்கிறது என்று காட்டினார். காலண்டரைப் பார்த்து நோயைப் பிடிப்பது என்றால் சும்மாவா! நெஞ்சுக்கூட்டுப் படத்தில் தெரியாதது, "உங்களுக்கு எந்தக் கிழமை மூச்சு முட்டும்?" என்ற கேள்வியில் தெரிந்துவிடும்.

மசாலாச் சந்தையில் இதைச் செய்து பார்க்கப் பெரிய செலவில்லை. ஊதினால் முள் நகரும் ஒரு பிளாஸ்டிக் குழாய், பீக் ஃப்ளோ மீட்டர். வேலைக்கு முன் ஓர் ஊது, பின் ஓர் ஊது, திங்களிலிருந்து சனி வரை. எண்கள் தாமே பேசும்.

2020: சந்தையே நோயாளி

வாஷி மண்டிக்கு எபிடமியாலஜி நேரடியாக வந்து இறங்கியது 2020-ல். ஊரடங்கு. ஊரே வீட்டுக்குள். ஆனால் காய்கறி வர வேண்டுமே? மண்டி திறந்திருந்தது. மே மாதத் தொடக்கத்தில் வியாபாரிகளிலும் தொழிலாளர்களிலும் கொரோனா ஏற, மே 11 முதல் 17 வரை ஐந்து சந்தைகளையும் பூட்டிக் கிருமிநாசினி அடித்து, ஆட்களைப் பரிசோதித்தார்கள். வாஷியின் சிட்கோ கண்காட்சி வளாகமே கட்டில் போட்ட ஆஸ்பத்திரியாக மாறியது.

அதே வாரங்களில் சென்னையில் கோயம்பேடு! மே 5-ல் சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஆனால் அதற்குள் லோடுமேன்கள் சொந்த ஊருக்கு லாரி ஏறியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று திடீரென்று எண்ணிக்கை குதித்தது. நோயின் வரைபடமும் சுமைதூக்குகிறவர்கள் பிறந்த ஊர்களின் வரைபடமும் அப்படியே ஒத்துப்போயின. வேலை, ஊர், பயணம் மூன்றையும் கேட்டுப் பட்டியல் போட்டவர்களால்தான் அந்தக் கோட்டை இழுக்க முடிந்தது.

பட்டியல் போட்டாலும் அவசரப்படக்கூடாது. 2020 ஜூலையில் மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் சேர்ந்து மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தின. மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தஹிசர் அடங்கிய ஆர் வடக்கு. 6,936 மாதிரிகள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் வந்து போன அடையாளம். மற்ற பகுதிகளில் 16 சதவீதம்தான்! அப்படியானால் மண்டித் தொழிலாளிக்கு நோய் தொற்றியது மண்டியிலா, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்த இடத்திலா? ஒரே மாதிரி வீட்டில் இருந்து வேறு வேலை செய்கிறவரோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வேலையின் குற்றத்தை வீட்டின் மேலும், வீட்டின் குற்றத்தை வேலையின் மேலும் போடாமல் பிரித்துத் தருவதுதான் இந்தத் துறையின் கைவண்ணம்.

எண்ணினால் என்ன கிடைக்கும்?

காட்கோபரில் கேளுங்கள். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்தவர்களை மருத்துவர் முரளிதரும் விஜய் கானேரேயும் தொழில்நல, பாதுகாப்பு மையத்தின் சார்பில் பரிசோதித்து 2005-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆஸ்பெஸ்டோசிஸ். காசம் என்றும் மூச்சுக்குழல் அழற்சி என்றும் தள்ளிவிடப்படும் இருமலுக்கு வேலை என்ற பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் கிடைத்தால்தான் இழப்பீடு.

மூட்டை தூக்குகிறவரின் நிலை? 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்கள் 29. ஈய நஞ்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, ஆஸ்பெஸ்டோசிஸ் உண்டு, பிசினோசிஸ் உண்டு, சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மைகூட உண்டு. முதுகு கிடையாது! இரண்டு டன் இறக்கிய இடுப்பு அந்தப் பட்டியலின் கண்ணில் நோயே இல்லை.

இத்தாலியின் மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுமைதூக்கிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சக மருத்துவர்களிடம் சொன்னார். முந்நூறு வருஷம் தாண்டியாயிற்று. நம் ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர், வயது, பாலினம் இருக்கிறது. வேலைக்கு இடம் இருந்தாலும் பெரும்பாலும் "கூலி" என்ற ஒற்றைச் சொல்லோடு சரி. வெங்காயக் கூலியா, மிளகாய்க் கூலியா, எத்தனை வருஷம், எத்தனை கிலோ? எதுவும் இல்லை.

வாரியத்தின் பேரேட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒன்று சேர்த்து வைத்தால் போதும், இந்தச் சந்தையின் முதுகுக்கணக்கு வெளியே வந்துவிடும். புதிதாக ராக்கெட் விட வேண்டியதில்லை. அது நடக்கும் வரை நாமாவது ஒன்று செய்யலாம். நீங்கள் தாராவியில் தோல் தைப்பவரோ, செம்பூரில் பெயிண்ட் அடிப்பவரோ, வாஷியில் மூட்டை இறக்குபவரோ, நாற்காலியில் பத்து மணி நேரம் உட்காருபவரோ, யாராக இருந்தாலும் சரி. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தக் கிழமை அதிகம் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதாத வலியை யாரும் எண்ண மாட்டார்கள்.